ஒன்பது ஊர் மழைக்கணக்கை ஐயுற்று விடுத்த ஓலை

மங்கலம் சூழ்க. வெண்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோவேந்தர் நெடுமுடியாரின் திருவாக்கினால், கூலவாணிகர் தெருவில் பிறந்து அமைச்சிருக்கை ஏறிய சாத்தன் விடங்கன் எழுதுவது. ஈராற்று நாட்டை ஆளும் ஏறன் கொற்றனார் காண்க. உம் ஆறுகள் வற்றாதிருக்க, ஆநிரை பெருக, உம் உடல்நலமும் உம் கணக்கைப் போலவே குறையேதுமின்றி விளங்குக.

புதிய வாய்க்காலை மலைக்கு அப்பால் வெட்டுவதா, தாழ்புறம் வெட்டுவதா என்று தெளிய, மழையளந்து எழுதுமாறு கேட்டிருந்தோம். சில ஊர்களை அளந்து முழு நாட்டையும் அறியும் கணக்குமுறையை ஆறு திங்கள் கற்றுத் திரும்பிய உம் அலுவலர் பூதங்கண்ணர், ஒன்பது ஊர்களில் கலம் வைத்து, சராசரி கண்டு, மலைக்கு அப்பாலும் மழை போதுமாதலின் அங்கே வாய்க்கால் வேண்டாவென்று எழுதியுள்ளார். கூட்டிப் பார்த்தோம், வகுத்துப் பார்த்தோம், பிழையில்லை. எம் ஐயம் அங்கேதான் தொடங்கிற்று.

நாட்டுப்படத்தை விரித்து அவ்வூர்களுக்கு மஞ்சள் பொட்டு வைத்தோம். ஒன்பதும் பெருவழியின்மேல் வரிசையாக நின்றன; ஒன்பதிலும் உம் விருந்து மாளிகை உண்டு. மலைக்கு அப்பால் ஒரு பொட்டும் விழவில்லை. பூதங்கண்ணரை அழைத்து வினவியபோது, அங்கே வண்டி ஏறாதென்றும், அங்கும் மழை இப்படித்தான் பெய்யுமென்றும் விடையிறுத்தார். போய்ப் பார்த்தீரோ என்றதற்கு, போகாமலே அறியத்தானே கலை கற்றேன் என்றார். அடடா! மூட்டையின் வாயிலுள்ள நெல்லை மட்டும் உள்ளங்கையில் வாங்கி விலை பேசுபவரை எம் தெருவில் வாணிகர் என்பதில்லை. வாருங்கள் ஐயா என்று இருக்கை போட்டு வரவேற்பர். எம்மவரோ குத்தூசியை மூட்டையின் அடிவரை செருகி, உள்ளிருக்கும் நெல்லை எடுத்துப் பார்ப்பர்.

வாய்க்கால் தாழ்புறம் திரும்பினால் முதலில் நனைவது உம் மைத்துனரின் வாழைத்தோட்டம். அதைத் தற்செயலென்று கொள்ளவே விரும்புகிறோம். விருப்பம் வேறு, நம்பிக்கை வேறு. மலைக்கு அப்பாலுள்ள பதினான்கு ஊரார் விதைநெல்லையும் உண்டு தீர்த்தனரென்றும், இன்னொரு பருவம் மழை பொய்த்தால் ஊரைவிட்டுப் போவரென்றும் எம் ஒற்றர் உரைக்கின்றனர்.

ஆதலின், உம் நாட்டின் இருபத்தேழு ஊர்ப்பெயரையும் ஓலை நறுக்குகளில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, அவையறிய ஒன்பது எடுத்தோம். குடத்துக்கு மைத்துனர் இல்லை. ஐந்து பெயர்கள் மலைக்கு அப்பால் விழுந்தன.

கட்டளை இது: உம் களஞ்சியத்து விதைநெல் இன்றே அப்பதினான்கு ஊர்களுக்கும் செல்க. பூதங்கண்ணர் இவ்வொன்பது ஊர்களிலும் கலம் வைத்து அளக்க. மழைக்காலம் முடியுமட்டும் தாழ்புறத்தில் மண்வெட்டி விழலாகாது. அதுவரை நீர் அவ்வைந்தில் கடைசி ஊரில் தங்கி, அவ்வூரார் குடிக்கும் நீரையே குடித்திருக்க. கலத்தில் எத்துளி குறைந்தாலும் எமக்கு முன்பே உம் நாவு அறியும்.

வேழ இலச்சினை பொறித்தோம். ஓலையை மடிக்குமுன் புறப்படுக.