இந்த மாதமும் கோசோங்

ரொட்டி சானாய் வேகும் வாசனை இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. நீ இருந்தால் நம்பமாட்டாய். இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் நம் பழைய கடையில், அதே வாசலோர மேசையில், மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல்மாடியில்தான் நான் போகும் கிளினிக். பத்தரை மணிக்கு எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மாடி ஏறலாமா, பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று புரியாமல் இருந்தேன்.

பசியை அடக்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன். நீ இருந்தபோது நாம் கேள்விப்படாதது. வாரத்துக்கு ஒன்று, வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில் பதினொரு கிலோ இறங்கியது. அலுவலகத்தில் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் நின்றுவிட்டது. ஏழு வாரமாக அரைக் கிலோகூட நகரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை.

கடைக்காரர் வந்து, "என்னக்கா வேணும்?" என்றார்.

"தே ஓ கோசோங், அண்ணே. பாலு, சீனி எதுவும் வேணாம்."

"சாப்பிட?"

"ஒண்ணும் வேணாம் லா."

"அதுவும் கோசோங்கா?" என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, வேலைக்குப் போகுமுன் எத்தனை வருடம் இந்த மேசையில் பசியாறியிருப்போம். ரயிலில் நாம் இருவரும் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டு முறைப்பான். நீ எடையைக் குறைப்பதென்று முடிவெடுத்த முதல் நாள், முட்டை ரொட்டியை விட்டுவிட்டு ரொட்டி கோசோங் கேட்டாய். "கோசோங்னா என்னா? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாதத சாப்பிட்டா எப்புடிடி வெயிட்டு ஏறும்?" என்று சொல்லிச் சொல்லியே மூன்று சாப்பிட்டாய். உனக்குத் துணையாக நான் நாலு சாப்பிட்டேன்.

சிரித்ததெல்லாம் அதோடு சரி. ரயில் நிலையப் படியில் உனக்கு மூச்சு வாங்கவும் நெஞ்சு வலிக்கவும் ஆரம்பித்தது. கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனாய். நீ நெஞ்சைப் பற்றிச் சொன்னாய், அவர்கள் இடுப்பைப் பற்றிப் பேசினார்கள். நர்ஸ் மிஸ்ஸி உன் எடையைக் காத்திருந்த கூட்டத்துக்கே கேட்கும்படி வாசித்தாள். பத்து கிலோ குறைத்துக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நீயும் குறைத்தாய். இரவுச் சோற்றை விட்டாய், மகளின் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடவில்லை. ஆறு கிலோ போயிற்று. அதற்குமேல் உன் உடம்பு அசைந்து கொடுக்கவில்லை.

மறுபடி போகவேண்டிய நாளில் இதே மேசையில்தான் சொன்னாய்: "இன்னும் நாலு கிலோ நிக்குதுடி. அதையும் குறைச்சிட்டே போறேன். அந்த மிஸ்ஸி திரும்பவும் எல்லாரு முன்னாலயும் கத்துவா."

நான் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆமா, சும்மா போயி ஏன் ஏச்சு வாங்கணும்? குறைச்சிட்டே போ" என்றேன்.

அந்த நாலு கிலோ குறையவே இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் குளியலறையில் விழுந்தாய், எழுந்திருக்கவில்லை. பெரிய சவப்பெட்டி கிடைக்கத் தாமதமாகிவிட்டது என்று உன் கொழுந்தனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "வாயக் கட்டியிருந்தா இருந்திருப்பா" என்றாள் ஒருத்தி, கையில் பிஸ்கட்டோடு. கடைசி மாதங்களில் நீ வாயைக் கட்டியது எனக்குத் தெரியும். நெஞ்சுவலியைச் சொல்லியும் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் தெரியும். நாற்காலியை அவளைவிட்டுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இன்று டீ ஆறிக்கொண்டிருந்தபோது கிளினிக்குக்குக் கைப்பேசியில் செய்தி எழுதினேன். இன்று வர முடியவில்லை, அடுத்த மாதம் வருகிறேன். இன்னும் ரெண்டு கிலோ குறைந்தபின் போனால் மானம் போகாது என்ற கணக்கு. அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது, இது நீ சொன்னதேதான். அழித்துவிட்டு மாடி ஏறினேன்.

எடைப்பலகையில் நிற்கும்போதே, "இந்த மாசமும் கோசோங், டாக்டர்" என்றேன். சின்ன வயதுப் பெண், திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"உடம்பு குறையக் குறைய அதுக்குத் தேவப்படுறதும் குறையும், ஆன்டி. அதான் நிக்குது. எல்லாருக்கும் ஒரு எடத்துல நிக்கும். சாப்பாட்ட ரொம்ப ஒதுக்காதீங்க, முட்டை மீனு சாப்பிடுங்க. நின்னுருச்சேன்னு வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றாள். அப்புறம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, என் நெஞ்சில் குழாயை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள்.

எனக்கு ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக வந்தது. எல்லாருக்கும் நிற்குமாம். இதை உனக்கு ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. உன் நெஞ்சில் ஒரு குழாய்கூடப் படவில்லை. தப்பு உன்னுடையது என்று நம்பிக்கொண்டே செத்தாய்.

அடுத்த மாதத் தேதி எழுதிய அட்டை என் பையில் இருக்கிறது. குறைந்தாலும் குறையாவிட்டாலும் போவேன். "குறையலன்னா என்னடி, கெளம்பு, நானும் கூட வரேன்." அன்று இந்த மேசையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பதினொரு கிலோ போய்விட்டது. இது போகவில்லை.