வெள்ளையடித்த விரிசல்

இல்லை அம்மா, அந்த ஆபீசர் மேல் தப்பே இல்லை. போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? புனேயில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டைப் பழுதுபார்க்க அரசு தரும் உதவிக்கு நான்தான் இங்கிருந்து விண்ணப்பித்தேன். வன்னியம்பட்டிக்குப் பார்வையிட ஆள் வருவார் என்றேன். நீ விருந்தாளி வருவதாக நினைத்துவிட்டாய். வேலுத்தாய் அத்தை போனில் சிரித்தாள்: "ஏட்டி, உங்கம்மா வெள்ளையடிச்சு, ஒழுகுத எடத்துக்கு அடியில புதுச் சேலையக் கட்டி, கல்யாண வீடு கணக்கா ஆக்கிட்டா. அந்த மனுசனும் கலர் சோடாவக் குடிச்சிட்டு, வீடு நல்லாத்தான இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

விண்ணப்பம் தள்ளுபடி. அந்தக் கூரை அடுத்த மழைக்குத் தாங்காது. அதன் கீழேதான் நீ படுக்கிறாய். வந்தவர் முன்னால் மானமாக நிற்கத்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். உதவி கேட்கிறவர்கள் இடிந்ததைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

சேலையை அவிழ்த்துவிடு. கட்டிலை அடுப்படிக்கு மாற்று. பக்கத்து வீட்டு ஆல்வின் இங்கே வேலைக்குத் திரும்பும்போது உன் போர்வை ஒன்றைக் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெயசித்ரா

பின்குறிப்பு: மறுபடியும் வந்து பார்க்கச் சொல்லி மனு அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு எடுத்த படத்தைச் சேர்த்தேன். காரை பெயர்ந்த கூரைக்குக் கீழே நீ சிரித்துக்கொண்டு நிற்கிற படம். உன்னை வெட்டிவிட்டுக் கூரையை மட்டும் அனுப்பினேன்.