சட்டை முன்பக்கத்துப் புல்லுக்கறை

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் "என்னப்பா?" என்பீர்கள். இப்போதும் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். சத்தமில்லை. சரி, இனி எழுதித்தான் கேட்க வேண்டும். கேட்க நிறைய இருக்கிறது. என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் இல்லாத முதல் கோடை. சுவிஸின் இந்தப் பாடன் ஊரில் வெயில் கொளுத்துகிறது. பல்கனியில் உங்கள் மிளகாய்க் கன்றுகள் காய்த்துக் குலுங்குகின்றன. தண்ணீர் ஊற்றுவது நான்தான், மகள் தர்சினி இல்லை.

கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டில் நின்றதுண்டா? அந்தப் பெரிய கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆராவ் நகரத்துக்கு ரயில் ஏறிவிடுவீர்கள். அங்கேயிருந்து பஸ்ஸில், பழைய போர்விமானங்கள் பறக்கவிடும் அந்தச் சின்ன விமானத்திடலுக்கு. படம் எடுக்கவாம். ஊரில் குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் முதல் பங்கர்க் குழிக்குள் குதித்த மனுசன், இங்கே காசு கொடுத்துப் போர்விமானம் பார்க்கப் போகிறாராம். நம்புகிற கதையா இது? நான் ஒருநாளும் நம்பவில்லை.

திரும்பி வந்தால் சட்டையின் முன்பக்கமெல்லாம் புல்லுக்கறை. முழங்கையிலும் கறை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற என்னிடம் கறையை மறைக்கலாமா? வானத்தைப் படம் எடுக்கிற ஆளுக்கு நெஞ்சில் ஏன் புல் ஒட்டுகிறது?

"புல்லிலை படுத்துக் கிடந்து எடுத்தாத்தானப்பா வடிவா வரும்" என்றீர்கள்.

"ஓமோம், வரும் வரும்" என்றேன்.

ஒருமுறை நானும் வாறன் என்று வெளிக்கிட்டு நின்றேன். "உமக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது" என்று விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு முடிவு கட்டினேன், அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று.

இந்த வசந்தத்தில் வால்டர் என்றொரு கிழவர் வந்தார். அந்தத் திடலில் பறப்பு விழா நடத்துகிறவராம். கழுத்தில் டை, கையில் பிளம்ஸ் கேக். கேக்கிலும் எனக்கு நம்பிக்கையில்லை. உங்கள் நினைவாக, விமானக் கொட்டகைச் சுவரில் உங்கள் படங்களை மாட்டப்போகிறாராம். தர்சினி உங்கள் கணினியைத் திறந்தாள். மூன்று பேரும் பார்த்தோம்.

ஐயோ, ஒரு விமானம்கூட இல்லையே! ஒரு இறக்கையும் இல்லை. எல்லாம் மனிசர். முன்பின் தெரியாத சுவிஸ் சனம். பியர்க் கோப்பையோடு ஒருவர், ஊன்றுகோலோடு ஒரு கிழவி, தகப்பன்மாரின் தோளில் பிள்ளைகள், புல்லில் நிற்கும் பிள்ளைகள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எல்லாம் நிலத்தோடு கிடந்து எடுத்த படம்.

நான் முதலில் ஒருத்தியைத்தான் தேடினேன். ஒரே முகம் இரண்டு இடத்தில் வந்திருந்தாலாவது விளங்கியிருக்கும். வரவில்லை. வால்டரின் முகம் மாறிவிட்டது. "ஏன் இவ்வளவு பிள்ளைகள்?" என்று மெல்லக் கேட்டார். இதை மாட்டினால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள், தன்னால் மாட்ட முடியாது என்றார். தர்சினி அவரிடம் ஜெர்மனில் சீறினாள். அவர் போய்விட்டார். கேக்கை நாங்கள் வெட்டவில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பாவைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"கொப்பா அப்பிடியான ஆளில்லை" என்று வாய் சொன்னது. ஆனால் வேறெப்படியான ஆள் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லையே! பெற்ற பிள்ளையின் மனதில் உங்கள் பெயர் கெட்டுப்போகப் போகிறது, நீங்கள் மாலை போட்ட படத்துக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதனால்தான் போன ஞாயிறு பறப்பு விழாவுக்கு நானே போனேன். தர்சினியும் வந்தாள், உங்கள் கமெராவும் வந்தது. வாட்டிய சொசேஜ் வாசம், வாங்குகளில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் சனம். எல்லோரையும் உற்று உற்றுப் பார்த்தேன். வால்டர் தூரத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் மலைக்குப் பின்னால் இருந்து அது வந்தது. மூக்கில் காற்றாடி சுழலும் பழைய விமானம், தாழ்வாக, ஊரில் கேட்ட அதே உறுமலோடு.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நினைவு வந்தபோது குப்புறக் கிடக்கிறேன். இரண்டு கையும் காதில், செவிப்பறை வெடிக்காமல் இருக்க வாய் திறந்தபடி. பள்ளிக்கூடத்தில் பழக்கினார்களே, அப்படியே. "படு பிள்ளை, படு!" என்று தர்சினியின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். விமானம் போய்விட்டது. ஒன்றும் விழவில்லை.

தலையைத் தூக்கினேன். நீங்கள் எடுத்த படம் அப்படியே என் கண்முன்னால் நின்றது. எல்லோரும் அண்ணாந்தபடி. ஒரு சின்னப் பெட்டை, ஐஸ்கிரீம் மணிக்கட்டால் வழிய, விமானத்துக்குக் கை காட்டுகிறாள். ஒருவரும் ஓடவில்லை. ஒரு தாயும் பிள்ளையை இழுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, பொறாமையும் வந்தது.

மயங்கிவிட்டேன் என்று நினைத்து வால்டர் ஓடிவந்தார். "இவையின்ரை பொம்மர் சத்தத்துக்கு அப்பாவும் இப்பிடித்தான் விழுந்து கிடந்தவர். கிடந்தபடிதான் ஓடாத சனத்தைப் படம் எடுத்தவர். சொல்லு அவருக்கு" என்றேன் மகளிடம். தர்சினி விம்மி விம்மி ஜெர்மனில் சொன்னாள். கிழவர் என் பக்கத்தில் முழங்காலை ஊன்றி இருந்து, என் தலை உயரத்தில் தன் தலையை வைத்துச் சனத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அவர் கிடந்ததை எப்போதும் கண்டிருக்கிறேன். படத்துக்காக என்றுதான் நினைத்தேன்" என்றார்.

அடுத்த கோடைக்கு எல்லாப் படத்தையும் மாட்டுவாராம். நம்பமாட்டேன், நேரே போய்ப் பார்ப்பேன்.

எழும்பிப் பார்த்தால் என் சட்டையின் முன்பக்கத்திலும் அதே கறை. ஏனப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை? அவ்வளவு சனத்துக்குள் தனியாக விழுந்து கிடந்தீர்களே. பக்கத்தில் நானும் விழுந்திருப்பேனே!

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த கோடையில் விமானம் வரும்போது நான் விழாமல் நிற்கப் பார்ப்பேன். நின்றுவிட்டால், அண்ணாந்த என் முகத்தைத் தர்சினி உங்கள் கமெராவால் எடுப்பாள். உங்களைப் போலவே, புல்லில் படுத்துக் கிடந்து.

இன்னமும் சந்தேகம் தீராத,
உங்கட மனுசி