தண்டோரா போட்ட சாயங்காலம்

ஆத்தூர்,
ஐப்பசி, 1943

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னியம்மாள் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். காலராக் கொட்டகை நிரம்பி வழிந்தபோது, "சர்க்காரே விதியைத் தளர்த்திட்டாங்க, நர்சும் சலைன் ஏத்தலாம்" என்று டாக்டர்தான் என் கையில் ஊசியைக் கொடுத்துப் பழக்கினார். அவர் தங்கைக்கே நான்தான் ஏற்றினேன்.

போன வாரம், காலரா ஒழிந்தது என்று தண்டோராக்காரர் சடையன் ஊரெல்லாம் பறையடித்துச் சொன்னார். அத்தோடு எங்களுக்குக் கொடுத்த அனுமதியும் முடிந்தது. அன்று சாயங்காலமே அந்தச் சடையனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாந்திபேதி, நாடியே அகப்படவில்லை. டாக்டர் சேலம் போயிருந்தார். "எங்க ஊட்டுக்காரரைக் காப்பாத்துங்க தாயி" என்று சடையன் மனைவி என் காலைப் பிடித்தாள். தண்டோரா நோய்க்குக் கேட்குமா என்ன? ஏற்றினேன். பிழைத்துக்கொண்டார்.

மேலதிகாரி வந்து விசாரித்தபோது, டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு யாரு ஊசி பிடிக்கக் கத்துக் குடுத்தாங்கன்னே எனக்குத் தெரியலீங்க."

வேலை போகவில்லை, அம்மா. இனி ஊசியைத் தொடக் கூடாதாம்; பாட்டில் கழுவுகிறேன்.

கொஞ்சம் கொள்ளுப்பொடி அனுப்புங்கள். ஊசி போடும் கைக்கு வளையல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், ஆடி நோம்பிக்கு ஊருக்கு வந்தபோது கழற்றி வைத்தேனே, அந்தக் கண்ணாடி வளையல்களையும் பஞ்சில் பொதிந்து அனுப்புங்கள். மொட்டைக் கையைப் பார்த்து அன்று அழுதீர்கள். இனி அழ வேண்டாம்.

தபால்காரர் நிற்கிறார், முடிக்கிறேன். பாட்டில் கழுவும் கைக்கு வளையல் போடலாமாம்.

உங்கள் மகள்,
சென்னியம்மாள்