மாதாவுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. மைக்கைப் பிடித்து ஐந்து ஜோக் சொன்னேன். நாலுக்கு யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவதுக்கு மண்டபமே சிரித்தது. அது ஜோக் இல்லை, என் காற்சட்டை ஜிப்.

வீட்டுக்கு வந்து கேரனிடம் சொன்னேன். “சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது” என்றாள். என் பெண்டாட்டிக்குப் போன மாதம் இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பெட்டி வைத்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. இதயம் தாளம் தப்பி ஓடினால் ஒரு கரண்ட் அடி போட்டு வழிக்குக் கொண்டுவருமாம். இத்தனை வருஷமாக இவள் எனக்குச் செய்த வேலையை இப்போது இவளுக்குச் செய்ய ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி, இவள் தூங்கும்போது கட்டிலோரம் இருக்கும் இன்னொரு பெட்டியோடு பேசுமாம். அது ஈப்போ ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்புமாம். அனுப்பினால் பச்சை விளக்கு. அனுப்பாவிட்டால் மஞ்சள்.

வந்த நாளிலிருந்து மஞ்சள்தான்.

எப்படி அனுப்பும்? எஸ்டேட்டில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எங்களுக்கு ஒதுக்கியது இந்தத் தாமான், பள்ளத்தில் ஒரு வீட்டு வரிசை. செமோர் டவுனிலிருந்து பார்த்தால் பக்கம்தான், போனில் பார்த்தால் நிலா. கேபிளும் வரவில்லை. போன் கோபுரம் அடுத்த வருஷம் கட்டுவார்களாம். அடுத்த வருஷம் வருஷா வருஷம் வருகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

மஞ்சள்.

செப்டம்பர் 14, சனி

மச்சான் அலெக்சாண்டர் வந்தான். கேரனின் தம்பி. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் சுவிட்ச் செய்துகொண்டிருந்தவன். சுவிட்ச் என்றால் லைட் போடுவது இல்லை. பல கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து யார் செய்தியை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கும் பெட்டி. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதிலிருந்து இவன் விஞ்ஞானி.

போன கண்டுபிடிப்பு, தானாகத் திறக்கும் கேட். எனக்குத் திறக்கவில்லை. தெருநாய்க்குத் திறந்தது.

அக்காவின் மஞ்சள் விளக்கை ரொம்ப நேரம் பார்த்தான். “மேட்டுல சதாசிவம் ஐயா வீட்டுல இன்டர்நெட் இருக்குல்ல?”

“இருக்கு. அவரு மெயின் ரோட்டுல இருக்காரு. நாங்க பாதாளத்துல இருக்கோம்.”

“நடுவுல எத்தனை வீடு இருக்கு மச்சான்! ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பெட்டி. இது அதுக்குச் சொல்லும், அது அதுக்குச் சொல்லும். போய்ச் சேந்துடும் லா.”

“இந்த வேலையை இந்தத் தாமான்ல நான் சும்மாவே செஞ்சுக்கிட்டு இருக்கேன்டா.”

கேரன் சிரித்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாட்டிவிட்டான். சோப்பு டப்பா மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. எங்கள் வீடுதான் கடைசி.

விளக்கமும் கொடுத்தான், கேட்காமலே. பெட்டிக்கு முதலில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாதாம். எல்லாரிடமும் கத்துமாம். பதில் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்தப் பக்கம் மட்டும் மெதுவாகச் சொல்லுமாம். நானும் அப்படித்தான், முதல் பாதியோடு படிப்பை நிறுத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு சரளா அக்காவும் அதற்கடுத்த அர்ச்சுனன் அண்ணனும் பேசி வருஷக்கணக்காகிறது. அக்கா வீட்டுப் பலாமரம் அண்ணன் கூரையில் காய்த்த விவகாரம். இப்போது இரண்டு வீட்டுப் பெட்டியும் ராத்திரி முழுக்கப் பேசுகின்றன. சரளா அக்கா மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, “என் வீட்டுச் சங்கதி எதுவும் அங்க போகாதுல்ல தம்பி?” என்று கேட்டார். “எங்க அக்கா நெஞ்சு விஷயம் மட்டும்தான் போகும்க்கா” என்றான். “அவ விஷயம் போகட்டும், பாவம்” என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

பச்சை! காலையில் எழுந்ததும் பச்சை!

அக்டோபர் 2, புதன்

பச்சை கண்ணைக் குத்துகிறது, தூக்கம் வரவில்லை என்கிறாள் கேரன். மஞ்சளாக இருந்தால் அழுகை, பச்சையாக இருந்தால் புகார். மாதா படத்தை எடுத்து விளக்குக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். இப்போது மாதாவுக்குப் பச்சையில் ஒளிவட்டம். கேரன் சிலுவை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 5, சனி

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. கண்டுபிடிப்பைத் தன் பேரில் பதியலாம் என்று தேடிப் பார்த்தானாம். இவன் யோசித்ததையெல்லாம் இவன் பள்ளிக்கூடம் போகும்போதே யாரோ எங்கேயோ பதிந்து வைத்துவிட்டார்களாம். ஒரு பெட்டி செத்தால் மற்றவை வேறு வழி தேடுவது உட்பட.

“முன்கூட்டியே திருடிட்டானுங்க மச்சான்” என்றான்.

நான் சிரிக்கவில்லை. பாருங்கள், எனக்கும் இதயம் இருக்கிறது. என்னுடையதற்கு ஆஸ்பத்திரியோடு பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 9, புதன்

மஞ்சள். மத்தியானம் இடி.

காரணம் கேட்கவே வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்த தமிழனுக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்துச் சொல்லிக்கொடுப்பது, இடி இடித்தால் ப்ளக்கைப் பிடுங்கு என்பதுதான். டிவி எரியாத வீடு இங்கே இல்லை. வானம் உறுமியதும் சாமி வந்த மாதிரி எல்லாரும் எழுந்து ஓடிப் பிடுங்குகிறார்கள். ஒரு பெட்டி செத்தால் வேறு வழி தேடும். எல்லாப் பெட்டியும் ஒரே நிமிஷத்தில் செத்தால்?

மச்சானிடம் கேட்டேன். “பேட்டரி வெச்சுத் தாடா.”

“அடுத்த மாடல்ல லா.”

அடுத்த மாடல், அடுத்த வருஷத்தின் தம்பி.

அக்டோபர் 13, ஞாயிறு

சதாசிவம் ஐயா வீட்டு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். மைக் இல்லை, ஜிப் பத்திரம். ஃபிரிட்ஜைப் பிடுங்குங்கள், டிவியைப் பிடுங்குங்கள், இந்த ஒன்றை மட்டும் விடுங்கள் என்றேன்.

சரளா அக்கா, “அது வழியா இடி உள்ள வந்து என்னை அடிச்சா?”

“அடிக்கிற தைரியம் இடிக்கு இருக்கா அக்கா?”

சிரித்தார்கள். அர்ச்சுனன் அண்ணன் மட்டும் சிரிக்காமல், “கேரனுக்காகத்தானே. விடுறோம் லா” என்றார். ஒத்துக்கொண்டார்கள்.

அடையாளத்துக்கு, கேரனின் நகப் பாலிஷால் வீடு வீடாகப் போய் அந்த ப்ளக்குகளுக்குச் சிவப்பு பூசினேன். எங்கள் ப்ளக்குக்கு இரண்டு பூச்சு. ஆஸ்பத்திரிப் பெட்டி, மச்சான் பெட்டி இரண்டும் அதே ஒன்றில்தான். கேரன் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு நாளாச்சும் போட்டு விட்டிருக்கீங்களா?” என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பேய் இடி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் லைட் அணைகிறது. ஓடி வந்து மாதாவைப் பார்த்தேன். பச்சை. அணையவே இல்லை.

ஒரு முறுக்கை எடுத்து மாதா முன்னால் வைத்தேன். அப்புறம் நானே தின்றேன்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. சரளா அக்கா வீட்டில் பலகாரம் ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது வானம் இடிந்து விழுந்தது. நனைந்துகொண்டே ஓடி வந்து, இருட்டில் தடவித் தடவி எல்லாவற்றையும் பிடுங்கினேன். நல்ல வேளை, டிவி தப்பித்தது. சாம்பிராணி மணத்தோடு அர்ச்சுனன் அண்ணன் வீட்டு மட்டன் மணமும் வருகிறது. கிறிஸ்தவனாகப் பிறந்ததில் ஒரு லாபம், இரண்டு பண்டிகைக்கும் சாப்பாடு.

நவம்பர் 1, வெள்ளி

தின்றேன். தூங்கினேன். தின்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பலகார டின்னைத் திருப்பிக் கொடுக்க கேரன் சரளா அக்கா வீட்டுக்குப் போனா. வாசல்லயே — டின் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. ஓடினேன். “குதிரை உதைக்குது, குதிரை உதைக்குது”ங்கறா. மறுபடியும் உதைச்சுது. நான் கையப் பிடிச்சிருந்தேன். என்ன பண்றது? உள்ள இருக்கற பெட்டிய எப்படிப் பிடுங்கறது? ஆம்புலன்ஸுக்குப் போன் போட அர்ச்சுனன் மேட்டுக்கு ஓடினாரு. மறுபடியும். நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன். சும்மா.

இப்ப ஈப்போ ஆஸ்பத்திரி நாற்காலி. உயிர் இருக்கு.

நவம்பர் 4, திங்கள்

மிஸ்ஸி நல்ல பெண், இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பொறுமையாகச் சொன்னாள். இதயத்தில் ஒன்றும் ஆகவில்லையாம். பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியில் விரிசல். அந்தக் கரகரப்பைப் பெட்டி, இதயம் தறிகெட்டு ஓடுவதாக நினைத்து அடித்திருக்கிறது. நாளை மறுநாள் கம்பியை மாற்றுவார்கள்.

“கரகரப்பு போன வியாழக்கிழமையே ஆரம்பிச்சிருக்கு அங்கிள். ஆனா வீட்டுலேருந்து எங்களுக்கு ஒன்னும் வரல.”

“வந்திருந்தா?”

“வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருப்போம். வந்திருந்தா அந்த அடி எதுவும் விழாம நிறுத்தி வெச்சிருப்போம்.”

“ஏன் வரலைன்னு நீங்க போன் பண்ணியிருக்கலாமே?”

“லீவு அங்கிள். உங்க போனும் கிடைக்கறதில்ல.”

மச்சான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். காடியில் ஏறி எங்கள் தாமானுக்குப் போனான், எந்த வீட்டில் அறுந்தது என்று பார்க்க.

நவம்பர் 5, செவ்வாய்

கேரனுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தெருவில் மச்சான் நிற்கிறான். சவரம் செய்யாத முகம். “எல்லா வீட்டுலயும் சரியா இருக்கு மச்சான். அர்ச்சுனன்தான் பிடுங்கிட்டுத் திருப்பி மாட்டியிருக்கணும். கேட்டா இல்லைங்கறாரு. இல்லாட்டி என் பெட்டிதான் மோசம். என் பெட்டிதான்.”

உள்ளே போனேன். மாதாவுக்குப் பின்னால் இருட்டு. படத்தை நகர்த்தினேன்.

சிவப்பு ப்ளக் தரையில் கிடந்தது. ரெண்டு பூச்சு.

இருட்டில் தடவித் தடவி... அன்னைக்கு நான்தான். எல்லார் வீட்டுக்கும் போய்ச் சிவப்பு பூசினவன். கை தானா போயிருக்கு. டிவிய மாட்டினேன், ஃபிரிட்ஜ மாட்டினேன். இத மட்டும்.

வெளியே வந்து மச்சானிடம் சொன்னேன். சொல்லும்போது கூட வாய் ஒரு ஜோக்கைத் தேடியது, நாய் எலும்பு தேடுகிற மாதிரி. கிடைக்கவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. அர்ச்சுனன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் படியில் உட்கார்ந்தான்.

அர்ச்சுனனிடம் நானே போய்ச் சொன்னேன். “பசியாறிட்டியா சில்வெஸ்டர்?” என்றார். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

நவம்பர் 7, வியாழன்

கம்பி மாற்றியாகிவிட்டது. கேரன் கண் விழித்ததும் சொல்லிவிட்டேன்.

“சனிக்கிழமையே பார்த்தேன்” என்றாள். “மாதாவுக்குப் பின்னாடி வெளிச்சம் இல்ல. அர்ச்சுனன் அண்ணே வீட்டுல பிடுங்கிட்டாங்க போலன்னு நெனச்சேன். அவங்க பண்டிகை, எதுக்குப் போய்க் கேக்கறதுன்னு விட்டுட்டேன்.”

“படத்தை நகர்த்திப் பாத்திருக்கலாமே.”

“நீங்க பிடுங்கியிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தோணும்?”

இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 11, திங்கள்

டிஸ்சார்ஜ். மச்சான் காடியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, அக்காவைத் தன் மெங்லெம்பு வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே சிக்னல் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரிப் பெட்டியும் அவளோடு போய்விட்டது; மாதாவுக்குப் பின்னால் இனி மச்சான் பெட்டியின் சின்னப் பச்சை மட்டும். “கொஞ்ச நாளு” என்றாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சின்ன சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். ஸ்பூன் விழுந்தால்கூட.

நவம்பர் 17, ஞாயிறு

மெங்லெம்பு போய் வந்தேன். கோப்பி குடித்தேன். பெயிண்ட் கடையில் நடந்த ஒரு கதை சொன்னேன். சிரித்தாள். தையலைப் பிடிக்கவில்லை. என் கையையும்தான்.

மச்சான் என் போனில் எதையோ ஏற்றிக் கொடுத்தான். “இனிமே வீட்டுலேருந்தே அக்காவுக்கு எழுதலாம். பெட்டி வழியா வந்துடும்.”

நவம்பர் 20, புதன்

கேரனுக்கு எழுதினேன்: சாப்பிட்டியா? பதில்: சாப்பிட்டேன். இதற்காக இத்தனை வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. மைக்கைப் பிடிக்க வேண்டிய கையை நம்ப முடியவில்லை.

சரளா அக்கா குழம்பு கொண்டு வந்தார். அர்ச்சுனன் வீட்டில் வைத்ததாம். இவர் எப்படி அங்கே போனார் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு! கேட்கத் தோன்றவில்லை!

டிசம்பர் 3, செவ்வாய்

சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடிக்கே எழுந்துவிட்டேன். எப்படிப் போனேன் தெரியாது, படுக்கையறையில் நிற்கிறேன், சிவப்பு ப்ளக்குக்குப் பக்கத்தில் கை. அனுப்ப இந்த வீட்டில் இதயமே இல்லை. பிடுங்கினால்தான் என்ன?

போன் மினுங்கியது. கேரன்.

இடிக்குதா அங்க?

இடிக்குது.

பிடுங்கிட்டீங்களா?

இல்ல.

மின்னலில் அர்ச்சுனன் வீட்டுக் கூரை தெரிந்தது, பலாமரத்தோடு. வழி அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது மறுபடி மினுங்கியது.

அத விட்டுட்டு மத்தத எல்லாம் பிடுங்குங்க. ஃபிரிட்ஜ் எரிஞ்சு கிடந்தா நான் வந்து மீன எங்க வெக்கறது?

கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் டிவியைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். வீடு இருட்டிவிட்டது. இதை மாதாவின் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.