கிழக்குக் கதவு

இன்று காலையில் பழைய வேலைச் சட்டையை எடுத்து உதறினேன். கைமடிப்பிலிருந்து கொஞ்சம் வெள்ளிப் பொடி உதிர்ந்து தரையில் மின்னியது. அலுமினியப் பவுடர். நீ பட்டாசு ஆலையிலிருந்து வந்து தலைக்குக் குளித்த பிறகும் காதோரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதே பொடி. சோறு போடும்போது உன் புருவம் மின்னும். "வெள்ளிக் கவசம் சாத்துன அம்மன் மாதிரி இருக்க புள்ள" என்பேன். "அம்மனுக்கு முதுகு வலிக்காது. எனக்கு வலிக்கு" என்பாய்.

இத்தனை வருஷம் கழித்து அது என் சட்டைக்கு எப்படி வந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும். நாரணாபுரத்தில் நீ வேலை பார்த்த ஆலை இப்போது ஆபீஸ் ஆகிவிட்டது. அதற்கு ஒயரிங் செய்தவன் நான்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "ஊருக்கெல்லாம் லைட்டு போடுறீக. எங்க கம்பெனில மட்டும் உங்களுக்கு ஒரு பல்பு மாட்டக்கூட வேலை கெடையாது" என்று எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாய். உண்மைதான். வெடிமருந்து அறைகளில் கரண்டே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் எல்லாம். உன்னைக் கூட்டிப்போக வந்தால் வாட்ச்மேன் என் தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டிலேயே நிறுத்திவிடுவார். அங்கிருந்து பார்த்தால் பொட்டலில் சின்னச் சின்ன அறைகள், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி எட்ட எட்ட நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்று விட்ட இடைவெளி அது. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒரு பக்கம் தீ வந்தால் மறுபக்கம் ஓடுவதற்கு.

அந்தத் தீபாவளி சீசனில் உன் அறையின் கிழக்குக் கதவை அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. நீயே வந்து சொன்னாய். போர்மேனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "சொல்லாம இருப்பமா? ரெண்டு நாள் பொறுங்க, லோடு வண்டி வந்ததும் எடுத்துருவோம்ங்கிறாக" என்றாய். வண்டி வருவதற்குள் மேற்குக் கதவுப் பக்கம் மருந்து பற்றிக்கொண்டது. அடுத்த அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். உன்னைக் கிழக்குக் கதவோரத்தில், அந்தப் பெட்டிகளின் சாம்பலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பிறகு ஆலையைப் பூட்டினார்கள்.

பூட்டிக் கிடந்ததைத்தான் முதலாளி வீட்டார் இப்போது எடுத்துக் கட்டினார்கள். விருதுநகரில் ஒன்றும் சிவகாசியில் ஒன்றுமாகக் கிடந்த கணக்கு, காலண்டர் டிசைன், ஆன்லைன் ஆர்டர் எல்லாம் இனி ஒரே கூரைக்குக் கீழ். மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் பெண் வந்தாள். அறைகளை அவள் இடிக்கவில்லை. நடுவிலிருந்த பொட்டலுக்கெல்லாம் கூரை போட்டு, கண்ணாடி வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். "இனிமே எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே வேலை பார்க்கலாம்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்த இடைவெளி எதற்கு இருந்தது என்று வாய்வரை வந்தது. காலண்டர் வெடிக்கவா போகிறது என்று விழுங்கிக்கொண்டேன்.

உன் அறையில் ஒயர் பதிக்கச் சுவரைக் கொத்தியபோது, சுண்ணாம்புக்கு அடியிலிருந்து இந்தப் பொடி என் மேல் கொட்டியது. வேலைக்கு முன்னால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவித்தான் இருந்தார்கள். உளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கிழக்குக் கதவைச் செங்கல் வைத்து அடைப்பதாக இருந்தது. என்ஜினியரிடம் போய், "அந்தக் கதவ மட்டும் விட்டுருங்கம்மா" என்றேன்.

"ஏசிக் குளிர் நிக்காதேண்ணே."

"என் வீட்டுக்காரி அதுகிட்டதான் செத்தா."

அவள் வரைபடத்தை மாற்றினாள். அவசர வழி என்று நல்ல கனத்த கதவாகப் போட்டு, அதற்கு மேல் மனுஷன் ஓடுகிற படம் போட்ட பச்சை விளக்கும் வைக்கச் சொன்னாள். கரண்டு போனாலும் அணையாத விளக்கு. நான்தான் மாட்டினேன்.

முதல் முதலில் விளக்கெல்லாம் போட்டுப் பார்த்த அன்று ஒன்று நடந்தது. உன்னோடு மருந்து அறையில் இருந்த பெண்கள் சிலர் இப்போது அங்கே கூட்டித் துடைக்கிறார்கள். நான் உன் அறையில் சுவிட்சில் கை வைத்ததும், யாரும் சொல்லாமலே எல்லாரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். என்ஜினியர் ஏன் என்று கேட்டாள். "சும்மா, காத்துக்குத்தாம்மா" என்றார்கள். அப்போதுதான் கவனித்தேன், உராய்ந்து பொறி வரக் கூடாதென்று நீங்கள் மருந்து அறைக்கு வெளியே விடுவீர்களே, அதுபோல நானும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். விளக்கு எரிந்தது. உன் அறைக்கு நான் போட்ட முதல் விளக்கு.

அதோடு விட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். முந்தாநாள் ஏசி நின்று நின்று போகிறது என்று கூப்பிட்டார்கள். மறுபடி தீபாவளி சீசன். கிழக்குக் கதவு முழுக்க கிஃப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டிகள். பச்சை விளக்கைக்கூட மறைத்து அடுக்கியிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன். புதிதாக வந்தவர், மரியாதையான ஆள்.

"ரெண்டு நாள்தாண்ணே. லோடு வண்டி வந்ததும் எடுத்துருவோம்" என்றார்.

அடிக்கலாம் போல இருந்தது. உன்னிடம் இதையே சொன்னவரும் இப்படித்தான் மரியாதையாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்ததும் கோபம் இறங்கிவிட்டது. நானே பெட்டிகளைத் தூக்கி வராந்தாவில் அடுக்கிவிட்டு வந்தேன்.

நேற்று யாரும் கூப்பிடாமல் போனேன். பெட்டிகள் பழைய இடத்திலேயே இருந்தன. திரும்பவும் தூக்கி வைத்தேன். கேட்டில் அதே வாட்ச்மேன்தான். இப்போதெல்லாம் தீப்பெட்டியைக் கேட்பதில்லை. "எம்புட்டு நாளைக்கு இப்படித் தூக்குவீக?" என்றார். கதவைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இவர்களை மாற்ற என்னால் ஆகாது. வேறு யாராலும் ஆகும் என்றும் தோன்றவில்லை.

சட்டையை உதறியதோடு சரி, துவைக்கவில்லை. மாட்டிக்கொண்டேன். கிளம்ப வேண்டும், இந்நேரம் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்.