பின்பட்டை மாற்றிய சேதி

மண்ணுக்குள் போன பிறகும் என்னை நிம்மதியாக இருக்கவிடாத என் மச்சான் ஏழுமலைக்கு,

வண்டிக்குப் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையை மாற்றிவிட்டேன். உன்னைக் கேட்காமல் அந்த வண்டியில் ஒரு போல்ட்கூட நான் கழற்றியதில்லை. இந்தத் தடவை யாரைப் போய்க் கேட்பது? மார்கழியில் போனவன் நீ. இப்போது ஆவணி நடக்கிறது.

முதலில் உனக்குத் தெரியாத சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை அமுதா முழுகாமல் இருக்கிறாள். நீ இருந்தபோது அவளுக்கே தெரியாது. நாள் தள்ளிப்போனபோது, அழுது அழுது உடம்பு கெட்டுவிட்டது என்றுதான் எங்கள் அம்மா நினைத்தாள். புரட்டாசியில் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். பாவி, இதைக் கேட்டு நீ போடுகிற ஆட்டத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டால், நம் ஊரிலிருந்து ஒரகடம் ரோட்டுக்கு வர அந்த ஏரிக்கரைத் தடத்தை விட்டால் வேறு வழி உண்டா? அந்தச் சேற்றில் நம் பிக்கப்பை விட்டால் வேறு எந்த வண்டி வரும்? பட்டாளத்து ஏலத்தில் எடுத்துப் பின்னால் தொட்டி கட்டியது, நாலு சக்கரமும் இழுக்கும் என்று தாம்பரம் வரைக்கும் பீற்றிக்கொண்டவன் நீ. குவாரிக் கல்லை ரோட்டோரக் கிரஷரில் சேர்ப்பதும் அதுதான், பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதுதான்.

கல் ஏற்றினால் பின்பக்கம் தரையோடு உட்காருகிறது என்று படப்பையில் தனபால் பட்டறைக்குப் போனோமே. லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை வெட்டிச் சேர்த்துத் தடியாக ஒரு அடுக்குப் போட்டுக் கொடுத்தார். கல் தாங்கியது. ஆனால் காலி வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் ஆளைத் தூக்கி எறிந்தது.

அதற்கு ஊரே கண்டுபிடித்த வைத்தியம்தான் மணல் மூட்டை. ஆள் ஏறுவதற்கு முன்னால் தொட்டியில் மூட்டை ஏறும். பாரத்துக்குப் பட்டை அமுங்கிக்கொடுக்கும், வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போகும். குன்றத்தூர் கோயிலுக்குக் கிருத்திகைக்குப் போனாலும் மணல், மணிமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனாலும் மணல். மூட்டைமேல் ஜமுக்காளத்தை விரித்துக் காலை நீட்டிக்கொண்டு, "மந்திரி கார்ல கூட இந்த சொகம் வராதுடா" என்பாய்.

அன்றைக்குக் குவாரியில் கல் உருண்டு உன் இடுப்பில் இறங்கியபோது, உன்னை அப்படியே தொட்டியில் போட்டுக்கொண்டு பறந்துவிடத்தான் பார்த்தேன். வண்டி குவாரி வாசலைத் தாண்டவில்லை, நீ போட்ட கத்தல் இருக்கிறதே! "டேய் கஜா, நிறுத்துடா! மணல ஏத்துடா! இப்படியே போனா வழியிலயே செத்துடுவேன்டா!" நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஏற்றினோம். அமுதா சேதி கேட்டு ஓடி வந்து ஏறி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி அலுங்காமல் போனது. "இப்போ பரவால்லடா" என்று நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

ஏரி மதகைத் தாண்டியதும் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டன. காலி வண்டி அந்தச் சேற்றை எத்தனையோ தடவை கடந்திருக்கிறது. கல் பாரத்தைத் தடம் காய்ந்த நாளில்தான் எடுத்து வருவோம். உனக்கு அடியில் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே போட்டோம். உருவும்போதெல்லாம் கத்தினாய். அப்புறம் கத்தவில்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரிகிறது மச்சான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஒன்று போனதுகூடத் தெரிந்தது.

இதைச் சொல்லி உன்னை நோகடிக்கவில்லை. யார் மேலும் குற்றம் சொல்லவும் இல்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவனோடு மல்லுக்கட்டியாவது என் வெறி அடங்கியிருக்கும்.

இப்போது அதே தடம், அதே வண்டி, அமுதாவுக்கு நிறைமாதம் நெருங்குகிறது. அம்மா தினமும் அவளோடு மல்லாடுகிறாள். "அத்த வூட்டுக்குப் போயிடுடி. குன்றத்தூர்ல நின்னா ஆஸ்பத்திரி கிட்ட கீது."

"அவுரு படுத்துகினு கீற மண்ண வுட்டு நான் எங்கியும் வர்ல" என்கிறாள் இவள். என்னிடம் திரும்பி, "அந்தப் பட்டய கழட்டிப் போடுண்ணா. இல்லாட்டி வண்டியயே கொளுத்திடு" என்றாள்.

கழற்றினால் கல் ஏற்ற முடியாது. கல் ஏற்றாவிட்டால் இரண்டு வீட்டிலும் உலை ஏறாது. கழற்றாவிட்டால் அந்தக் குலுக்கலை வயிற்றுப்பிள்ளை தாங்குமா? மணல் ஏற்றினால் அதே மதகு. எந்தப் பக்கம் போனாலும் சுவர். உன்னை நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். ஒரு யோசனைகூடச் சொல்லாமல் போய்விட்டாயே, நீயெல்லாம் ஒரு மச்சானா?

கடைசியில் தனபாலிடமே போனேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "பழைய மெல்லிசுப் பட்டயே போட்டுக்கலாம், ஆனா கல்ல மறந்துடு. ஷாக் அப்சார்பர் மட்டும் புச்சா மாத்தலாம், குதிக்கிறது கொஞ்சம் கொறயும், அவ்ளோதான். ரெண்டும் வோணும்னா ஹெல்பர் போட்டுக்கப்பா."

"ஹெல்பர்னா இன்னாண்ணே?"

ரோட்டில் நின்ற ஒரு காலி லாரியின் பின்பக்கம் குனியச் சொன்னார். அடியில் நீளமாக ஒரு பட்டை அடுக்கு. அதற்கு மேலே கட்டையாக இன்னொரு அடுக்கு, எதையும் தொடாமல் சும்மா நின்றது. "காலியா இருந்தா கீழ கீறது மட்டும் வேல செய்யும், மெத்துனு போவும். பாரம் ஏறி அமுங்கினாத்தான் மேல கீறது முட்டுக் குடுக்கும்."

தினமும் லாரிக்குப் பின்னால் நின்று டீ குடித்தவர்கள்தானே நாம்? "இத ஏண்ணே அன்னிக்கே சொல்லல?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்திவிட்டேன்.

மனிதர் திகைத்துப்போனார். "பாரம் தாங்கணும்னு கேட்டீங்க, தாங்குற மாதிரி போட்டுக் குடுத்தேன். ஆளு படுத்துகினு போறதப் பத்தி நீங்க கேக்கவே இல்லயேப்பா." அவர் சொல்வதிலும் என்ன பொய்? நாம் கல்லைப் பற்றித்தான் கேட்டோம்.

இந்த வெள்ளிக்கிழமை, கீழே மெல்லிசுப் பட்டையும் மேலே ஹெல்பருமாக வேலை முடிந்தது. முதல் ஓட்டம் நான்தான் வருவேன் என்று அமுதா பிடிவாதமாகத் தொட்டியில் ஏறிவிட்டாள். முன்னால் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. நீ படுத்திருந்த அதே இடத்தில், வெறும் பலகைமேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. நடை வேகத்தில்தான் ஓட்டினேன்.

பள்ளம் வந்தது, அமுங்கி எழுந்தது. வாய்க்கால் மேடு வந்தது, ஏறி இறங்கியது. எனக்கோ, ஒரு தடவையாவது அவளைத் தூக்கிப்போடாதா என்று இருந்தது மச்சான். சொந்தத் தங்கை, வயிற்றில் உன் பிள்ளை, அப்படியும் நினைத்தேன். தூக்கிப்போட்டிருந்தால், எதை மாட்டினாலும் உன்னைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பேன்.

தூக்கிப்போடவே இல்லை. மதகுக்கிட்டே சேறு இன்னும் காயவில்லை. காலி வண்டி, முனகாமல் கடந்து ரோடு ஏறியது. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அமுதா இரண்டு கையாலும் பலகையை அறைந்துகொண்டிருந்தாள்.

"குலுக்கவே இல்லண்ணா" என்றாள். "இவ்ளோதானாண்ணா? இவ்ளோதானா?"

இறங்கி அவளிடம் ஓடினேன். ரோட்டில் போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்க, அண்ணனும் தங்கையும் கதறினோம்.

வலி எடுத்த நிமிஷம் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன், ஒரு பிடி மணல் ஏற்றமாட்டேன், உன் பிள்ளையை ரோடு சேர்ப்பேன். இது சத்தியம். மனசைத் தேற்றிக்கொள் என்று மட்டும் சொல்லாதே, அது என்னால் ஆகாது.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
கஜேந்திரன்